"எல்லோரும் போகக்கூடிய காட்டுத்தடம்": கலைச்சொல் பரிந்துரை

> "அணுகுபாதை" என்றே வைத்துவிடலாமே?

அக்கா, வணக்கம். சக்கர நாற்காலியில் வருபவர் உட்பட எல்லோரும் போகக்கூடிய காட்டுத்தடத்துக்கு நீங்கள் கேட்ட அந்தப் பெயர் சரிவராது. அணுகுபாதை என்றால் மாங்குளத்தில் பெருந்தெருவோடு சேரும் கிளைறோட்டு என்றுதான் விளங்கும். நடைபாதை, நடக்க முடியாதவரை வெளியே விடுகிறது. "தடையிலாத் தடம்" காதுக்கு இனிது, ஆனால் மிகைச்சொல்: அமெரிக்க வனச்சேவையின் அளவுகோல்கூட, தளமிடாத தடத்தில் 5 செ.மீ. உயரம் வரை வேரையும் கல்லையும் விடுகிறது.

"செல்தகவு" என்பது என் முன்மொழிவு. தடம் "செல்தகு தடம்". தகவு கூடும், குறையும், அளக்கலாம். தொடக்கப் பலகையில் இப்படி எழுதலாம்: "செல்தகவு: நீளம் 800 மீ., குறைந்த அகலம் 95 செ.மீ., கூடிய ஏற்றம் 1:14, இறுகிய கிரவல், மாரியில் சேறு." சக்கர நாற்காலிப் படம் மட்டும் இருந்தால் ஜெய்ப்பூர்க்கால் என்ற செயற்கைக்கால் போட்டவருக்கும் வெள்ளைப்பிரம்போடு வருபவருக்கும் அது ஒன்றும் சொல்லாது. அளவைப் படித்தவர் போவதா விடுவதா என்று தானே முடிவெடுப்பார். அந்த முடிவு அவருடையதாக இருக்கவேண்டும்.

வட இலங்கையின் வன்னியில் இதற்கு முதலில் தோதானவை குளக்கட்டுகள். மேலே சமதரை, சிக்கல் ஏறுவதில். 6 மீ. உயரக் கட்டுக்கு 1:12 ஏற்றம் என்றால் 72 மீ. ஓடும். அதே வனச்சேவை அளவுகோலின்படி, அந்தச் சரிவில் 61 மீட்டருக்குள் ஓர் "ஆறிடம்" (நின்று இளைப்பாறும் சமதரை) வேண்டும். 1:20 என்றால் 120 மீ., ஆறிடம் கட்டாயமில்லை. குளக்கட்டை வெட்டி ஏற்றம் எடுக்கவே கூடாது, கசிவு தொடங்கும். வெளிச்சரிவில் மண் நிரப்பி இறுக்கவேண்டும், அதுவும் குளத்துக்குப் பொறுப்பான திணைக்களத்தின் அனுமதியோடு.

---

செல்தகவு எனக்கு ஒப்பு, தம்பி. குறுக்கே உள்ள சரிவுக்கு மேசன்மாரின் சொல்லையே எடுப்போம்: "குறுக்கு வாட்டம்". மண்தடத்தில் 1:20ஐத் தாண்டினால் நாற்காலி பள்ளப்பக்கம் இழுக்கும், தள்ளுபவருக்கு ஒரு கை ஓய்ந்துபோகும். வாட்டமே இல்லாவிட்டால் மாரித்தண்ணீர் தேங்கும். அதில் உழவு இயந்திரம் ஓடினால் சில்லுத்தடம் கோடையில் கல்லாய் இறுகி, நாற்காலியின் சின்னச் சில்லைப் பிடித்துக்கொள்ளும். உதிரிக் கிரவலும் ஆகாது. மெல்லிய படைகளாகப் பரப்பி, நனைத்து, உருளை போடவேண்டும்.

ஒருவரையொருவர் விலத்தும் அகன்ற இடத்துக்கு "விலத்திடம்" என்பேன்: 300 மீட்டருக்கு ஒன்று, 1.5 மீ. அகலம். நுழைவில் வாகனங்களை மறிக்க நடும் கட்டைகளுக்கிடையே 91 செ.மீ. விடவேண்டும் என்பதையும் விளக்கக்குறிப்பில் சேருங்கோ. கண்ணிவெடி அகற்றிய எல்லை பலகையில் எழுத்தாகவும், பார்வையற்றவருக்குத் தடவோரத்தில் பிரம்பு தட்டுப்படும் விளிம்பாகவும் இருக்கவேண்டும். அந்த விளிம்புக்கு இன்னும் சொல் இல்லை, "அருகுக்கட்டை" சரிவருமா?