மயக்க மருந்துத் துறையில் அசிஸ்டென்ட்: சில அனுபவங்கள்

*அட்லாண்டாவிலிருந்து*

நான் அனஸ்தீசியாலஜிஸ்ட் அசிஸ்டென்ட், அதாவது மயக்க மருந்து டாக்டரின் உதவியாளர். ஒருமுறை ஆபரேஷனுக்கு வந்த தமிழ்ப் பெரியவர் என்னைப் பார்த்ததும், "டாக்டர் வரலையாம்மா?" என்றார். "வருவார் ஐயா. தூங்க வைக்கும்போதும் எழுப்பும்போதும் இருப்பார். நடுவில் மற்ற அறைகளையும் பார்க்கப் போவார். நான் உங்க தலைமாட்டிலேயே இருப்பேன்" என்றேன். "அப்ப உன்கிட்டதான் நல்லபடியா நடந்துக்கணும்" என்று சிரித்தார்.

அசிஸ்டென்ட் என்றதும் ஊசி எடுத்துக் கொடுக்கிற ஆள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். காலையில் மெஷினைச் சோதிப்பது, மருந்துகளை ஏற்றி லேபிள் ஒட்டுவது, மூச்சுக்குழாயில் டியூப் போடுவது, ரத்த அழுத்தம் இறங்கினால் உடனே கவனிப்பது எல்லாம் எங்கள் வேலை. ஆனால் தனியாகச் செய்ய முடியாது. அனஸ்தீசியா டாக்டரின் கீழ்தான். மெடிகேர் என்ற அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டு விதிப்படி ஒரு டாக்டர் ஒரே நேரத்தில் 4 அறைகள் வரை இப்படி நடத்தலாம். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்தே இருக்கிறது. சிக்கலான நோயாளி என்றால் இரண்டு மூளை வேலை செய்கிறதே!

*ஒஹையோவிலிருந்து*

இந்தப் படிப்பு 1969இல் தொடங்கியதே இங்கே கிளீவ்லாந்திலும் உங்கள் அட்லாண்டாவிலும்தான். நான் பயாலஜி முடித்து, எம்கேட் என்ற மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை எழுதி, இரண்டு வருஷத்துக்குச் சற்று மேலான முதுகலைக்கு வந்தேன். நர்ஸிங் படித்திருக்க வேண்டியதில்லை. "எம்கேட் எழுதினவ டாக்டருக்கே படிச்சிருக்கலாமே" என்று சித்தி இன்னும் கேட்கிறார். டாக்டர் ஆகி அனஸ்தீசியாவும் முடிக்க இன்னும் எட்டு வருஷம் சித்தி, என்றால் காதில் ஏறுவதில்லை.

அதைவிடப் பெரிய தலைவலி கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளைக்கு வேலை கலிபோர்னியாவில். அங்கே எங்களுக்கு லைசென்ஸே கிடையாது, நியூயார்க்கிலும் இல்லை. மயக்க மருந்து கொடுக்கப் படித்த நர்ஸ், அதாவது நர்ஸ் அனஸ்தெடிஸ்ட் என்றால் எந்த மாநிலத்திலும் வேலை பார்க்கலாம். சேருவதற்கு முன் மாநிலப் பட்டியலைப் பாருங்கள், அப்புறம் சம்பளத்தைப் பாருங்கள்.

*ஒரு டாக்டரின் பக்கத்திலிருந்து*

டான்சில் ஆபரேஷன் முடிந்து ஒரு குழந்தையை எழுப்பும் நேரம். டியூபை எடுத்ததும் குரல்வளை இறுகி மூச்சு உள்ளே போகவில்லை. நான் சொல்வதற்குள் அசிஸ்டென்ட் மாஸ்க்கை அழுத்திப் பிடித்து ஆக்சிஜன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் மருந்தும் தயாராக வைத்திருந்தார், தேவைப்படவில்லை. வெளியே போய்ப் பெற்றோரிடம் பேசியது நான். அதனால் நன்றியும் எனக்கே கிடைத்தது.