ஏற்காட்டு சிக்னலில் பிஜிஎம்ஐ தேறுமா?

மலைக்காபி:
பிஜிஎம்ஐ, அதான் பப்ஜியின் இந்தியப் பதிப்பான போன் துப்பாக்கி ஆட்டம், ஆடுகிறேன். வீடு ஏற்காடு தாண்டி நாகலூர் பக்கம். கூட்டாளிகள் மூணு பேர் சேலம் அஸ்தம்பட்டியில், தினமும் ராத்திரி எரங்கல் என்கிற மேப்பில் (ஆட்டக் களம்) ஸ்குவாட் போடுகிறோம், நாலாவது ஆள் நான். போன் 4 ஜிபி ராம். வீட்டுக்குள் இருந்தால் பிங் (சிக்னல் தாமதம், மில்லிநொடியில்) 60-லிருந்து திடீரென்று 300-க்கு எகிறுகிறது, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றால் அடங்கும், ஆனால் பனி இறங்கிவிட்டால் விரல் விறைத்துப்போய் போனைச் சாய்த்துக் குறி வைக்கும் கைரோவெல்லாம் வராது. நேற்று அந்த மேப்பில் போச்சிங்கி ஊரில் கதவோரம் நின்றவனைப் பார்த்து மேகசின் முழுக்க இறக்கினேன், அவன் அசையவே இல்லை, ஒரு நொடி கழித்துப் பார்த்தால் நான் நாக் ஆகி, அதாவது அடிபட்டு விழுந்து, கிடக்கிறேன். ஆட்டம் ரொம்பப் பிடித்திருக்கிறது. தொடரலாமா, விட்டுவிடலாமா? நிறைகுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அஞ்சுரோடு ஸ்நைப்பர்:
விடாதே தம்பி, மேப்பை மாற்று. எரங்கல் 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர், 100 பேர், அரை மணி நேரம் லூட் (கிடக்கிற துப்பாக்கி, மருந்து) எடுத்து ஓடி ஓடி வந்து, ஆடும் இடம் சுருங்கிய கடைசி சர்க்கிளில் சிக்னல் போனால் அத்தனையும் வீண். லிவிக் மேப் 2-க்கு 2, 52 பேர், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கிராபிக்ஸை ஸ்மூத்தில் (குறைந்த தரம்) வை, 4 ஜிபிக்கு அதுதான் சரி.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்ததே, குறி சரியாக இல்லாதவனும் ஸ்குவாடுக்கு உதவலாம் என்பதுதான். பிங் எகிறும்போது வீட்டுக்குள் புகுந்து சண்டை போடாதே, அங்கே அரை நொடியில் கதை முடிந்துவிடும். பின்னாலிருந்து ஸ்மோக் (புகைக்குண்டு) போடு, விழுந்தவனை ரிவைவ் செய், வண்டியை நீ ஓட்டு. அப்புறம் ப்ளூடூத்தைத் தூக்கிவைத்துவிட்டு வயர் ஹெட்போன் போடு. காலடிச் சத்தம் எந்தப் பக்கம், மேல் மாடியா கீழா என்று இதில் துல்லியமாகக் கேட்கும், ஆனால் ப்ளூடூத்தில் அது தாமதமாகத்தான் காதுக்கு வரும்.

அன்னதானப்பட்டி அக்கா:
ஆட்டம் நல்ல ஆட்டம்தான், காசு விஷயத்தில் மட்டும் கவனம். ஸ்கின் (துப்பாக்கிக்கு வெறும் அலங்காரம்) வாங்கினால் துப்பாக்கியின் டேமேஜ் அதிகமாகாது, காசு போட்டவனுக்கும் போடாதவனுக்கும் குண்டு ஒன்றுதான், அது பெரிய நிறை. ஆனால் கிரேட் (காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி) திறப்பது சுத்தமாக அதிர்ஷ்டம். பத்தாவது படிக்கும் என் தம்பி ஒரு ஸ்கின்னுக்காக என் போனிலிருந்து 1,600 ரூபாய்க்கு யூசி (ஆட்டத்துக்குள் செலவழிக்கும் காசு) வாங்கித் திறந்திருக்கிறான், ஒன்றும் விழவில்லை, இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தான். 18 வயதுக்குக் கீழே ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் என்று ஆட்டத்திலேயே வரம்பு இருக்கிறது. அவன் என் நம்பரில் வயதைக் கூட்டிப் போட்டு உள்ளே போனதால் அதுவும் உதவவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

பழைய பப்ஜிக்காரன்:
அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்கே இங்கே தடை வந்தது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தது, 2022 ஜூலையில் ஸ்டோரிலிருந்து எடுத்தார்கள், 2023 மே மாதம்தான் திரும்பியது. மறுபடி எப்போது போகுமோ தெரியாது, அதனால் நான் ராயல் பாஸ்கூட (காசு கொடுத்து வாங்கும் சீசன் பாஸ்) வாங்குவதில்லை.

மலைக்காபி:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. நேற்று ராத்திரி லிவிக் போட்டோம். தொட்டி ஓரமே சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றேன். கில் ஒன்றுகூட இல்லை, ஆனால் ஒரே ஆட்டத்தில் மூணு பேரையும் ரிவைவ் செய்தேன், சிக்கன் டின்னர், அதாவது முதலிடம், அடித்துவிட்டோம்.