தரவரிசை வாக்குகளை எப்படி எண்ணுவது?

வணக்கம். எங்கள் குடியிருப்புச் சங்கத் தேர்தலில் 1, 2, 3 என்று வரிசையிட்டு வாக்களிக்க முடிவாகிவிட்டது. சரி, எண்ணுவது எப்படி? ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்கு விழுந்த வாக்குகளை அந்தச் சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பத்துக்கு மாற்றலாம் என்கிறார்கள் பலர். அமெரிக்காவின் பர்லிங்டன் நகர மேயர் தேர்தலை (2009) நினைத்தால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. நேருக்கு நேர் நின்றால் கிஸ், ரைட் என்ற இரு வேட்பாளர்களையுமே வென்றிருக்கக்கூடிய மான்ட்ரோல் என்ற வேட்பாளர், முதல் விருப்பம் குறைவென்று முன்பே வெளியேறினார். கடைசிச் சுற்றில் கிஸ் 4313, ரைட் 4061. ரைட் ஆதரவாளர்களில் ஒரு பகுதியினர் மான்ட்ரோலுக்கு முதலிடம் தந்திருந்தால், அவர்கள் விரும்பாத கிஸ் வந்திருக்க மாட்டார். மனதில் உள்ளதை அப்படியே எழுதியவர்களுக்கு இப்படி நஷ்டம் வரலாமா?

இருவர் இருவராக ஒப்பிடலாம்தான். ஆனால் முதலாமவர் இரண்டாமவரை, இரண்டாமவர் மூன்றாமவரை, மூன்றாமவர் முதலாமவரை வென்று சுழன்றால் என்ன செய்வது? கையால் எண்ணி, பெரியவர்களுக்கும் புரியும்படி நடத்திய அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.