தோட்டத்தில் புற்றுநோய் முகாம்: யாருக்குப் பயன்?

காப்பிக்காட்டான்:
போன வாரம் தாண்டிக்குடி பக்கம் எங்கள் தோட்டத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முகாம் போட்டார்கள். கூலிப் பெண்களில் பாதிப்பேர்கூட வரவில்லை. பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து ஒருத்தரும் இல்லை. வந்தவர்களுக்கும் முதலில் ஒரு மணி நேரப் பிரசங்கம்: பழம் சாப்பிடுங்கள், தினமும் நடங்கள். காப்பிப்பழ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேறுகிறவளிடம் நடைப்பயிற்சியா! எல்லாம் கணக்குக் காட்டுகிற வேலை.

மலைநர்ஸ்:
பிரசங்கம் தப்புதான் தம்பி. ஆனால் முகாமே வீண் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, அம்பிளிக்கையை மையமாக வைத்து, 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. பயிற்சி பெற்ற நர்ஸே செய்யலாம். ஒரே ஒரு முறை பார்த்ததிலேயே, பார்க்காத ஊர்களைவிட இந்த நோயால் இறப்பு 35 சதவீதம் குறைந்தது.

காப்பிக்காட்டான்:
அங்கே திட்டு தெரிந்தவுடன் அதே இடத்தில் உறைய வைத்துச் சிகிச்சையும் கொடுத்தார்களே அக்கா. இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கையில் சீட்டுதான். கீழே இறங்க ஒரு நாள், ரிசல்ட் வாங்க இன்னொரு நாள், இரண்டு நாள் கூலி போச்சு. போன வருடம் கொடுத்த சீட்டு என் சித்தியின் ரேஷன் கார்டு உறைக்குள் மடித்தபடி இருக்கிறது.

வத்தலக்குண்டு வாசகன்:
எல்லாம் சரி, வாய்ப்புற்றைக் கொண்டுவரும் புகையிலையைப் பற்றி யார் பேசுவது? 2013இலேயே குட்காவுக்குத் தடை. ஆனாலும் பெட்டிக்கடையில் கிடைக்கிறது. பழக்கத்தை விடாமல் எத்தனை முகாம் போட்டு என்ன?

பூலத்தூர் பேத்தி:
அண்ணா, எங்கள் பாட்டி மதியச் சோறு வரும்வரை பசி தெரியாமல் இருக்கத்தான் புகையிலை போட்டார். பசியை விட்டுவிட்டுப் பழக்கத்தை மட்டும் திட்டினால் எப்படி? இன்னொன்று, முகாமில் மறைப்பு என்று கட்டியது ஒரு சேலை. உள்ளே ஆண் டாக்டர். கர்ப்பப்பையையே எடுத்துவிடுவார்கள் என்று லைன் வீடுகள் முழுக்கப் பேச்சு. யார் போவார்கள்?

வத்தலக்குண்டு வாசகன்:
பசிக்குப் புகையிலை என்பது சாக்கு. கடைக்காரன் கொடுக்காவிட்டால் விட்டுத்தானே ஆகவேண்டும்.

மலைநர்ஸ்:
கடையில் நிறுத்தினால் பாக்குக்கு மாறுவார்கள். பாக்கு மட்டும் மென்றாலும் வாய்ப்புற்று வரலாம். திட்டுவதைவிட வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது மேல். இரண்டு வாரத்தில் ஆறாத புண் என்றால் உடனே காட்ட வேண்டும். பேத்தி சொன்ன கூச்சத்துக்கும் வழி உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குப் பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துத் தரலாம், யார் முன்னாலும் படுக்க வேண்டியதில்லை. மலைக்கு வரவேண்டியது அதுதான். அப்புறம், பழம் பறிக்கிற மாதத்தில் முகாம் வைப்பவரை என்னதான் செய்வது!

தம்பி, வெள்ளைத் திட்டு என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அதற்காகச் சீட்டை வருடக்கணக்கில் மடித்தும் வைக்கக்கூடாது. சித்தியை எப்போது கூட்டிப்போகிறாய்?

காப்பிக்காட்டான்:
வியாழக்கிழமை முதல் பஸ்ஸில். இரண்டு நாள் கூலியை நானே கொடுத்துவிடுகிறேன். ஆனால் லைனில் இன்னும் நாலு பேரிடம் அதே சீட்டு இருக்கிறது அக்கா. அவர்கள் கூலியை யார் கொடுப்பது?