கிளிப்பிங்குக்கு ஒரு தமிழ்ச்சொல்: களப்பதிவுக் கையேட்டுக்காக

மடல் 1: கையேட்டு மொழிபெயர்ப்பாளர், சென்னை

அனைவருக்கும் வணக்கம். நாட்டுப்புறவியல் மாணவர்களுக்கான களப்பதிவுக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கோயில் வீதியில் நாதசுரமும் தவிலும் பதிய எந்த ரெக்கார்டரை வாங்குவது என்ற இயலில் ஒரு சொல் மட்டும் நிற்கிறது: கிளிப்பிங்.

வரைவில் 'வெட்டுப்படுதல்' என்று போட்டிருந்தோம். படித்த மாணவர்கள் அதை ஒலி விட்டு விட்டு வருவதாகப் புரிந்துகொண்டார்கள். ஃபோனில் "நீங்க பேசுறது வெட்டி வெட்டிக் கேக்குது" என்போமே, அந்தப் பொருளில். இங்கே ஒலி விடுபடுவதில்லை. கருவி தாங்கும் அளவுக்கு மேல் ஒலி வந்ததும் அலையின் உச்சி தட்டையாகிவிடுகிறது. கேட்கும்போது கரகரவென்று இருக்கிறது. எந்த மென்பொருளாலும் அதை முழுமையாக மீட்க முடியாது. ஒரே சொல்லாக, மாணவர் வாயில் புழங்கும் சொல்லாக வேண்டும். வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள்.

மடல் 2: தமிழாசிரியர், மதுரை

'கொய்' என்ற வேர் இருக்கப் பிற எதற்கு? அகநானூற்றின் 4ஆம் பாட்டில் 'கொய்சுவல் புரவி' வருகிறது. பிடரி மயிரின் மேற்புறம் ஒரே மட்டமாகக் கத்தரிக்கப்பட்ட குதிரை. அலையின் தலையைச் சமமாக நறுக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான படிமம் கிடைக்காது. என் பரிந்துரை 'முகடுகொய்வு'. கொய்சகம் (சேலை மடிப்பு), அதன் வழக்கு வடிவமான கொசுவம் ஆகியவையும் இந்த வேரோடு சேர்த்து எண்ணத்தக்கவை. மடிப்பை ஒழுங்குபடுத்தி ஓர் அளவில் நிறுத்துவது என்ற கருத்து அங்கும் ஓடுகிறது.

அதே பாட்டில் தலைவன் தேர்மணியின் நாவைக் கட்டிக்கொண்டு வருகிறான், பூத்த சோலையில் துணையோடு இருக்கும் வண்டுகள் அஞ்சக் கூடாதென்று. திறந்தவெளியில் ஒலியளவைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட மொழி இது. கடன்சொல்லுக்கு நாம் அவசரப்பட வேண்டாம்.

மடல் 3: ஒலிப்பதிவாளர், தஞ்சாவூர்

ஐயாவின் பாட்டு அருமை. ஆனால் கொய்தல் என்றால் கொய்தது கைக்கு வரும். பூவோ தினையோ மடியில் சேரும். இங்கே போனது போனதுதான்.

சொல்லைத் தேடுமுன் அந்த இயலில் இருக்கும் ஒரு பிழையைத் திருத்துங்கள். '32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினால் கிளிப்பிங் வராது' என்று இருக்கிறது. 32 பிட் ஃப்ளோட் என்பது மிகச் சன்னமான ஒலியையும் மிக உரத்த ஒலியையும் ஒரே கோப்பில் எண்ணாக எழுதும் முறை. அப்படியில்லை. ஒலி மூன்று இடங்களில் தட்டையாகலாம்: மைக்கிலேயே, மைக்கின் குறிகையைப் பெருக்கும் ப்ரீஆம்பில், கடைசியாக அதை எண்ணாக்கும் (டிஜிட்டலாக்கும்) இடத்தில். 32 பிட் ஃப்ளோட் காப்பாற்றுவது கடைசி இடத்தை மட்டும். எண்ணாக்கும் சுற்றுகள் இரண்டை வெவ்வேறு பெருக்கத்தில் வைத்த கருவிகளில் ப்ரீஆம்பும் பெரும்பாலும் தப்பிக்கும். மைக் தப்பிக்காது.

ஸூம் எச்1 எசென்ஷியல் ரெக்கார்டரில் கெயின் (பெருக்க அளவு) திருகே கிடையாது, 32 பிட் ஃப்ளோட் மட்டுந்தான். ஆனாலும் அதன் மைக் தாங்குவது 120 டெசிபெல் ஒலியழுத்தம். நாதசுரத்தின் அணசுக்கு (அடியிலுள்ள அகன்ற வாய்ப்பகுதி) நேரே ஓர் அடியில் நீட்டினால் ஒலி மைக்கிலேயே தட்டையாகலாம். கோப்பில் அளவைக் குறைத்துப் பார்த்தாலும் தட்டை தட்டைதான். அதைவிடப் பழைய, 24 பிட் மட்டும் உள்ள ஸூம் எச்5இன் மைக் 140 டெசிபெல் தாங்கும். தவிலுக்கும் நாதசுரத்துக்கும் அருகில் நிற்க வேண்டியவருக்கு பிட் எண்ணிக்கையைவிட இந்த எண் முக்கியம். ஸூம் எஃப்3இல் உள்மைக்கே இல்லை. வெளி மைக் எவ்வளவு தாங்கும் என்று தனியே பார்க்க வேண்டும்.

24 பிட் கருவியில் உரத்த பகுதியை வாசிக்கச் சொல்லி, உச்சம் மைனஸ் 12 டெசிபெலில் நிற்கும்படி கெயினை வையுங்கள். முழு அளவில் அது கால் பங்கு. தனி ஆவர்த்தனத்தில் தவில் எகிறும்போது அந்த இடைவெளி தேவைப்படும். ஆட்டோ லெவலை அணைத்துவிடுங்கள். ஆலாபனையின் நடுவே இடைவெளி விழுந்தால் அது கெயினை ஏற்றிக் கூட்டத்தின் பேச்சை மேலே கொண்டுவரும். இவ்வளவுக்குப் பிறகும் உச்சி தட்டையானால், 2 மீட்டரில் நிற்பவர் 4 மீட்டருக்குப் போகட்டும். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும்.

மடல் 4: யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கள் பக்கம் மரத்தை வெட்டுவதைத் 'தறிக்கிறது' என்றுதான் சொல்லுவோம். ஆகவே 'தறிப்பு' என்று வைக்கலாம்: நுனிதறிப்பு. ஒரே வீச்சில் நுனி போவது அந்தச் சொல்லில் இருக்கிறது. விட்டு விட்டுக் கேட்கிறது என்ற மயக்கமும் வராது.

அதோடு ஒன்று. மைக்கின் மேல் மாட்டும் ரோமப் போர்வையைப் பற்றிய பந்தியில் 'காற்று இரைச்சலுக்கு லோ-கட் (தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டி) போதும்' என்றிருக்கிறது. போதாது. காற்று மைக்கின் சவ்வை நேரே தள்ளுகிறது. மைக்கோ ப்ரீஆம்போ அங்கேயே தட்டையாகிவிட்டால் பின்னாலே 80 ஹெர்ட்ஸில் வெட்டி என்ன பயன்? வெறும் ஸ்பொஞ்ச் உறை மெல்லிய காற்றுக்குத்தான். தேர்வீதி, கடற்கரைக் கோயில் என்றால் ரோம உறை கட்டாயம். லோ-கட்டை 160இல் வைத்தால் தவிலின் தொப்பிப் பக்கத்து (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) நாதமும் மெலிந்துபோகும்.

மடல் 5: இயற்பியல் ஆசிரியர், கோயம்புத்தூர்

தறிப்பு என்றால் இங்கே மாணவருக்குக் கைத்தறிதான் முதலில் நினைவுக்கு வரும். யாழ்ப்பாண நண்பர் பொறுத்தருள்க.

முகடு என்பதிலும் குறை உண்டு. பாடநூலில் அலையின் மேற்பகுதி முகடு, கீழ்ப்பகுதி அகடு. தட்டையாவது இரண்டும். முகடுகொய்வு, முகடுவெட்டு என்றெல்லாம் சொன்னால் பாதி அலையைத்தான் சொல்கிறோம். இரண்டுக்கும் பொதுவாக 'முனை' இருக்கிறது. முனை மழுங்குதல் எல்லாரும் அறிந்த தொடர். 'முனைமழுங்கல்' என்று வையுங்கள்.

மடல் 6: பொதுவான கருத்து, பெங்களூரு

நான்கு நாளாகப் படித்து வருகிறேன். மாணவர் கையில் இருக்கும் கருவியின் திரையில் எல்லாம் ஆங்கிலம். களத்தில் பீக் விளக்கு சிவப்பாக எரிகிறது. அந்த நொடியில் அவருக்குக் கிளிப்பிங் என்ற சொல்தான் உதவும். மைக், ஸ்பீக்கர், கெயின் எல்லாவற்றையும் அப்படியே ஏற்றுக்கொண்ட இயலில் இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் இத்தனை பாடு? கிளிப்பிங் என்றே விட்டுவிடுங்கள்.

மடல் 7: தமிழாசிரியர், மதுரை

ஏனென்றால் ஙகர மெய்யில் முடியும் சொல் தமிழில் இல்லை. தொல்காப்பியர் சொல்லிறுதிக்குத் தந்த மெய்கள் பதினொன்று. ஙகரம் அதில் சேராது. கருவியின் பெயரை அப்படியே வைப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் இது ஒரு நிகழ்வின் பெயர், வினையடியிலிருந்து பிறக்க வேண்டியது. கிளிப்பிங் ஆனது, கிளிப்பிங் ஆகாமல் பார்த்துக்கொள் என்று ஒவ்வொரு முறையும் துணைவினை போட்டு நொண்ட வேண்டியிருக்கிறது. 'முனை கொய்யப்பட்டது', 'கொய்யாமல் பதி' என்று பாருங்கள், சொல் தானாக நடக்கும்.

மடல் 8: ஒலிப்பதிவாளர், தஞ்சாவூர்

ஐயா சொல்லும் வினையடி நியாயம் சரி. முனை என்பதையும் ஏற்கிறேன். மழுங்கலை மட்டும் ஏற்க முடியாது. மழுங்கினால் விளிம்பு உருண்டு வழியும். பழைய டேப்பில் அதுதான் நடந்தது: அளவு மிஞ்சினால் உச்சி மெல்ல வளைந்தது, காதுக்குப் பெரிதாக உறுத்தவில்லை. எண்முறைப் பதிவில் உச்சி கத்தியால் அறுத்ததுபோல் நேர்கோடாகிறது. அந்தக் கூரிய மூலைகளால்தான் மேல் அதிர்வெண்களில் இல்லாத சுரங்கள் முளைத்துச் சீவாளியின் (நாதசுரத்தின் ஊது நாணல்) நாதம் தகரமாகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், டேப்பில் உரக்கப் பதிந்து பழகிய மூத்தவர்கள் இதிலும் அப்படியே பதிவார்கள். டேப்புக்கு மழுங்கல், இதற்கு வெட்டு. 'முனைவெட்டு' என்று சேர்த்துச் சொன்னால் விட்டு விட்டுக் கேட்பதோடு குழம்பாது.

மடல் 9: கையேட்டு மொழிபெயர்ப்பாளர், சென்னை

நன்றி. வியாழன் மாலை ஆகிவிட்டது. முனைவெட்டுக்கு ஐந்து பேர், கொய்வுக்கு இருவர், தறிப்புக்கு ஒருவர், கிளிப்பிங்கே போதும் என்று மூவர். அச்சுக்குப் போகும் பத்தி இது:

"ஒலி மிஞ்சும்போது அலையின் முனைகள் தட்டையாவது முனைவெட்டு, களத்தில் கிளிப்பிங் என்பார்கள். 32 பிட் ஃப்ளோட் எண்ணாக்கத்தில் வரும் முனைவெட்டைத் தவிர்க்கும். மைக்கில் வருவதைத் தவிர்க்காது. வாங்குமுன் மைக் தாங்கும் உச்ச ஒலியழுத்தத்தைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் 24 பிட்டுக்கு மணிக்குச் சுமார் 1.04 ஜிபி, 32 பிட்டுக்கு 1.38 ஜிபி கார்டில் இடம் வேண்டும்."

லோ-கட் வரியையும் திருத்திவிட்டேன். ரெக்கார்டரை 'ஒலிப்பதிவி' ஆக்கலாமா என்று தனிமடலில் கேட்டவருக்கு: அடுத்த பதிப்பில் பேசுவோம்.

மடல் 10: யாழ்ப்பாணத்திலிருந்து

முனைவெட்டுக்கு நான் தடை சொல்லவில்லை. ஆனால் மைக்கில் நடப்பதையும் எண்ணாக்கத்தில் நடப்பதையும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டு, ஒன்றைத் தவிர்க்கும் மற்றதைத் தவிர்க்காது என்று விளக்கம் எழுதுகிறோம். மைக்கில் வருவதற்கு 'மிகைச்சுமை' என்று தனிச்சொல் வைத்தால் அந்த விளக்கமே வேண்டாம். இதை எதிர்ப்பாகவே குறித்துக்கொள்ளுங்கோ.

மடல் 11: தமிழாசிரியர், மதுரை

என் எதிர்ப்பும் நிற்கட்டும். வகுப்பில் கொய்வு என்றே சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.