நாலரை வயது மகள் எழுத்தைச் சொல்கிறாள், சேர்த்துப் படிக்க வரவில்லை

மழைத்துளி:
எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு நாலரை வயது. அ முதல் ஃ வரை பாட்டாகவே ஒப்பிப்பாள், க ங ச-வும் தடங்கல் இல்லாமல் வரும். ஆனால் நடுவில் ஒரு எழுத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால், அ-விலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்துதான் கண்டுபிடிக்கிறாள். ‘படம்’ என்று எழுதிக் காட்டினால் ப, ட, இம் என்கிறாள். சேர்த்துச் சொல்லு என்றால் மறுபடியும் ப, ட, இம். தினமும் ஒரு பக்கம் எழுத வைத்தால் தானாக வந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள், எழுத உட்கார வைத்தாலோ கொஞ்ச நேரத்திலேயே கை வலிக்கிறது என்று அழுகை. கதை என்றால் உயிர், ஆனால் ஒரே புத்தகத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பாள். சின்னவனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, இன்னும் சில சொற்கள்தான் சொல்கிறான். நாங்கள் வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் குழம்புகிறானோ என்று அது வேறு கவலை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கரும்பலகை:
ஒன்றாம் வகுப்புக்குப் பல வருடமாகப் பாடம் எடுக்கிறேன், இந்த ‘ப, ட, இம்’ எல்லா வருடமும் வரும். பிள்ளையிடம் குறை ஏதும் இல்லைங்க. மெய்யெழுத்தை இக், இங், இச் என்று பெயர் சொல்லிப் பழக்குகிறோம், அவள் அந்தப் பெயரையே ஒலியாக எடுத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். புள்ளி வைத்த எழுத்தை இப்போதைக்குத் தனியாகக் கேட்காதீர்கள், முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டியே காட்டுங்கள். ‘ட’ எழுதி பக்கத்தில் ‘ம்’ எழுதி, இரண்டுக்கும் அடியில் விரலை இழுத்துக்கொண்டே ‘டம்’ என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். அது படிந்த பிறகு முன்னால் ஒரு ‘ப’ வையுங்கள்.

247 எழுத்தும் முடிந்த பிறகுதான் சொல்லுக்குப் போகவேண்டும் என்று ஒன்றும் இல்லை. ட, ப இரண்டும் நேர்க்கோட்டில் எழுதும் எழுத்துகள், ம-வில் மட்டும் ஒரு வளைவு வரும், மூன்றும் கண்ணுக்கும் கைக்கும் சுலபம். இந்த மூன்றும் புள்ளியும் தெரிந்தாலே படம், பட்டம், மட்டம் படித்துவிடலாம். கூட ஒரு துணைக்கால் சேர்த்தால் மாமா, பாப்பா, பாடம். தானே ஒரு சொல்லைப் படித்துவிட்டோம் என்று தெரியும்போது அந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே! கொம்பு வரும் எழுத்துகளுக்கு அவசரப்படாதீர்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும், கொ, கோ என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி. நாலரை வயதில் அது குழப்பும்.

இன்னொன்று, எழுத்துக்கு முன்னால் காது தயாராக வேண்டும். ‘காக்கா’ என்று கை தட்டிப் பிரித்துச் சொல்வது, ‘ம-வில் தொடங்குவது ஒன்று சொல்லு’ என்று நடக்கும்போது கேட்பது, ‘பட்டம்’ சொல்லில் ‘ப’-வை எடுத்துவிட்டு ‘வ’ போட்டால் என்ன வரும் என்பது, இதெல்லாம் காகிதமே இல்லாமல் விளையாடலாம். ஒலியைப் பிரிக்கவும் சேர்க்கவும் தெரிந்த பிள்ளைக்கு எழுத்துக்கூட்டுவது பாதி வந்த மாதிரி.

கதைக்காரன்:
ஒரே புத்தகமா? தாராளமாகப் படியுங்கள். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் அந்த வயதுக்குச் சந்தோஷம், அதோடு ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு சொல் பிடிபடும். வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள், அவளே முடிப்பாள். ‘இது என்ன’ என்று மட்டும் கேட்காமல் ‘இந்த நாய் ஏன் ஒளிஞ்சுக்கிச்சு’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்கள். நாமே பதிலைச் சொல்லிவிடும் பழக்கம்தான் பெரிய தடை. இப்படிக் கேள்வி கேட்டு, பிள்ளை சொன்னதை நீட்டிச் சொல்லிப் படிப்பதை வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவும் 1988-லேயே ஆராய்ந்தார்கள். வெறுமனே படித்துக் காட்டிய வீட்டுப் பிள்ளைகளைவிட அந்த வீட்டுப் பிள்ளைகளின் பேச்சு நன்றாக முன்னேறியிருந்தது.

தமிழில் நமக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. புத்தகத்தில் ‘அவர்கள் வந்தார்கள்’ என்றிருக்கும், வீட்டில் ‘அவங்க வந்தாங்க’ என்போம். பலர் படிக்கும்போதே பேச்சுத்தமிழுக்கு மாற்றிவிடுகிறார்கள். முதலில் அச்சில் உள்ளபடி வாசித்துவிட்டு, புரியாத இடத்தில் மட்டும் நம் பேச்சில் சொல்லலாம். பிறகு தானே படிக்கும்போது ‘வந்தார்கள்’ காதுக்குப் புதிதாக இருக்காது. கல், தங்கம், பகல் மூன்றிலும் ‘க’ ஒன்றுதான், ஒலி மட்டும் மாறுகிறது. அந்தச் சொற்களைக் கேட்டுப் பழகிய பிள்ளை தப்பாக ஆரம்பித்தாலும் தானே திருத்திக்கொள்ளும், கேட்டிராத சொல் என்றால் எப்படித் திருத்தும்?

பேச்சுப்பயிற்சி:
சின்னவனைப் பற்றிச் சொல்கிறேன், இது என் வேலை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது, தமிழை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இரண்டு மொழியிலும் சொல்கிற சொற்களைச் சேர்த்து எண்ணுங்கள். இரண்டு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொல் சேர்ப்பார்கள். அவன் சேர்க்கவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டி, முதல் வேலையாகக் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குக் காதுக்குள் நீர் கோத்து ஒலி மங்கலாகக் கேட்கலாம், வெளியில் தெரியாது. ‘போகப்போகப் பேசுவான்’ என்று காத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் அவன் ‘நாய்’ என்றால் நீங்கள் ‘ஆமா, நாய் ஓடுது’ என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். திரை நேரம் இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது.

மழைத்துளி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. காதுப் பரிசோதனை பற்றி யோசிக்கவே இல்லை, இந்த வாரமே கேட்கிறேன். கரும்பலகை, அப்போ எழுத்துப் பயிற்சியை நிறுத்திவிடலாமா? பெரியவர்களிடம் என்ன சொல்ல?

கரும்பலகை:
நிறுத்த வேண்டாம், நோட்டை மட்டும் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். விரலுக்கு இன்னும் பலம் வரவில்லை, அதனால்தான் வலிக்கிறது. மாவு பிசைவது, காகிதம் கிழிப்பது, மணி கோப்பது எல்லாமே அதற்கான பயிற்சிதான். தரையில் சாக்பீஸால் பெரிதாக ஒரு ‘ப’ எழுதி அதன் மேல் நடக்கச் சொல்லுங்கள், மணலில் விரலால் எழுதட்டும். பெரியவர்களிடம் தினமும் ஒரு கதை சொல்லும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கும் பிள்ளைக்குப் படிப்பு வரவேண்டும் என்ற ஆசைதானே, நிச்சயம் ஒத்துக்கொள்வார்கள்.