ஆறு சிலிண்டர் டர்போவும் ஒரு ரப்பர் மூடியும்

பதிவு 1

பழைய காருக்கு, காற்றை நெருக்கி உள்ளே தள்ளும் டர்போ பொருத்திய எஞ்சின் கட்டியவர்கள் வழக்கமாக எத்தனை குதிரைத்திறன் கிடைத்தது என்பதைத்தான் எழுதுகிறார்கள். ஒரு முறை கட்டி, 11 மாதங்கள் ஓட்டி, என் கவனக்குறைவால் உடைத்து, மறுபடியும் கட்டிய எஞ்சினைப் பற்றி நான் எழுதுகிறேன்.

கார் 1971-ஆம் ஆண்டு டாட்சன் 240இசட். அதில் இருந்தது 2393 சிசி கொள்ளளவுள்ள எல்24 எஞ்சின், இரட்டைக் கார்ப்பரேட்டர். அந்த எஞ்சினிலேயே டர்போ பொருத்தலாம் என்றாலும், அதன் அழுத்த விகிதம் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது) டர்போவுக்கு உகந்ததல்ல. அதே குடும்பத்தில் 1981 முதல் 280இசட்எக்ஸ் டர்போ காரில் வந்த எல்28இடி எஞ்சின், 86 மிமீ போரும் (சிலிண்டரின் விட்டம்) 79 மிமீ ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்டது, 2753 சிசி, அழுத்த விகிதம் 7.4, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 180 குதிரைத்திறன். பழைய காரின் மவுண்டுகளிலேயே ஏறக்குறைய வெட்டாமல் உட்கார்ந்துவிடும் என்பதால் அதையே தேடி வாங்கினேன். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், பெட்ரோலைப் பாய்ச்சும் பெரிய இன்ஜெக்டர்கள், தனியாக நிரல்படுத்தக்கூடிய கட்டுப்பாட்டுக் கணினி ஆகியவற்றைச் சேர்த்து 300 குதிரைத்திறனை எட்டுவதுதான் திட்டம்.

இன்டர்கூலர் தேவையா என்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். வெளிக்காற்று 30 டிகிரியில் இருக்கும்போது அதை 0.7 பார் கூடுதல் அழுத்தத்துக்கு டர்போ நெருக்கினால், கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் காற்று சுமார் 100 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் போனால், பிளக் தீப்பொறி விட்ட பிறகு எரிய வேண்டிய கலவையின் கடைசிப் பகுதி தானாகவே வெடித்து நாக்கிங்கைத் தொடங்கிவிடும். இந்த ஒரு காரணமே போதும்.

இன்ஜெக்டர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 300 குதிரைத்திறனுக்கு டர்போ எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய 180 பவுண்டு பெட்ரோல் கேட்கும். அதை ஆறால் வகுத்து, இன்ஜெக்டர் 80 விழுக்காட்டுக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 400 சிசி அளவில் பாய்ச்ச வேண்டும். நான் 440 சிசி பொருத்தினேன். கணக்கில் எந்தத் தவறும் இல்லை. தவறு வேறோர் இடத்தில் நடந்தது.

காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் எங்கோ கசிகிறது என்ற சந்தேகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கசிவுச் சோதனை செய்தேன். அதற்காக, எரிபொருள் அழுத்த ரெகுலேட்டருக்குப் போகும் சிறிய ரப்பர் குழாயைப் பிடுங்கிவிட்டு, இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்த்தொகுதி) இருந்த அந்த முனையை ஒரு ரப்பர் மூடியால் அடைத்தேன். சோதனை முடிந்ததும் மூடியை எடுத்துக் குழாயை மாட்ட மறந்துவிட்டேன். கார் வழக்கம்போலவே ஸ்டார்ட் ஆனது. ஐடிலில் (மிதியை அழுத்தாமல் எஞ்சின் ஓடும்போது) மட்டும் லேசாகப் பெட்ரோல் வாடை வந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. அந்த வாடைதான் எச்சரிக்கை என்பது பிறகுதான் புரிந்தது. ஐடிலில் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் இருக்கும். மேனிஃபோல்டு அழுத்தத்துக்கு ஏற்பப் பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டருக்கு அது தெரியாததால் அழுத்தத்தைக் குறைக்கவில்லை, பெட்ரோல் கூடுதலாகப் போனது. பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) ஏறும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. 3 பார் அடிப்படை அழுத்தத்தில் 0.7 பாரைக் காற்று எதிர்த்துத் தள்ளினால் இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 2.3 பார். பாய்வு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், பெட்ரோல் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். 11.5 என்று டியூன் செய்திருந்த காற்று–எரிபொருள் விகிதம் 13-க்கு மேலே போய்விட்டது, அதாவது பெட்ரோல் போதாமல் நாக்கிங் வரும் நிலை. அப்போது இந்த விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் பழுதாகி மேசை மீது கிடந்தது. அதைச் சரிசெய்த பிறகு ஓட்டியிருக்கலாம், பொறுமை இல்லை.

நீண்ட ஏற்றம் ஒன்றில் நான்காவது கியரில் மிதியை முழுதாக அழுத்தியபடி போய்க்கொண்டிருந்தேன். சைலன்சர் சத்தத்தில் நாக்கிங் எதுவும் காதில் விழவில்லை. திடீரென்று இழுவை குறைந்தது, கண்ணாடியில் நீலப் புகை தெரிந்தது. ஓரமாக நிறுத்திப் பானெட்டைத் திறந்தபோது எண்ணெய் அளவுக் கம்பி தன் துளையிலிருந்து பாதி எழும்பி நின்றது. சிலிண்டரில் எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டி, கீழே எண்ணெய் இருக்கும் கிராங்க்கேஸுக்குள் இறங்கியிருந்தது.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஐந்து பிளக்குகளின் பீங்கான் வெளிர்பழுப்பாக இருந்தது. ஐந்தாம் சிலிண்டருடையதில் மட்டும் மிளகுத்தூள் அளவில் பளபளக்கும் சாம்பல்நிறப் புள்ளிகள் ஒட்டியிருந்தன. அது பிஸ்டனின் அலுமினியம். கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை நெருக்கும் அழுத்தம்) மற்றவற்றில் 9 பார், இதில் 4. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டனை வெளியே எடுத்தபோது, வாயு கசியாமல் அதைச் சுற்றியிருக்கும் முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் இடையில் உள்ள விளிம்பு விரல்நகம் அகலத்துக்கு உடைந்திருந்தது. வார்ப்புப் பிஸ்டன் அழுத்தத்தைத் தாங்கும், நாக்கிங் கொடுக்கும் அடியைத் தாங்காது.

இரண்டாவது முறை 87 மிமீ போர் செய்து, அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன்களைப் பொருத்தினேன். கொள்ளளவு 2818 சிசி ஆனது. குளிர்ந்த நிலையில் முதல் சில நிமிடங்கள் பிஸ்டன்கள் லேசாகத் தட்டும், சூடேறியதும் அடங்கிவிடும். கேட்பவர்கள் பயப்படுகிறார்கள், எனக்குப் பழகிவிட்டது. ரிங் இடைவெளியை இந்த முறை நானே அராவினேன். டர்போவின் சூட்டில் ரிங் நீண்டு அதன் இரு முனைகளும் முட்டிக்கொண்டால் அதுவும் இதே விளிம்பைத்தான் உடைக்கும். முதல் ரிங்குக்கு 0.45 மிமீ வைத்தேன். ஒவ்வொரு ரிங்கையும் அதற்குரிய சிலிண்டருக்குள் நுழைத்து, பிஸ்டன் தலையாலேயே சமமாகத் தள்ளி, அளவுத்தகட்டைச் செருகிப் பார்த்து, வெளியே எடுத்து இரண்டு இழுப்பு அராவி, மீண்டும் நுழைத்து... ஆறு ரிங்குகளுக்கு ஒரு மாலை முழுதும் போயிற்று.

பதிவு 2

ஐயா, நானும் எல்28 டர்போதான் வைத்திருக்கிறேன். தங்களுக்கு ஐந்தாம் சிலிண்டர் தொல்லை கொடுத்தது, எனக்கு ஆறாவது. ஆனால் பிஸ்டன் அல்ல, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (புகை வெளியேறும் குழாய்த்தொகுதி) ஹெட்டோடு பிணைக்கும் கடைசி ஸ்டட் (மரையாணி).

ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் உள்ள எஞ்சினின் அழகே அதன் நீளம்தான்: 120 டிகிரிக்கு ஒரு தீப்பொறி, முதல் மூன்றும் பின் மூன்றும் கண்ணாடிப் பிம்பம்போல ஒன்றையொன்று சமன்செய்வதால் அதிர்வே தெரியாது. தொல்லையும் அதே நீளத்தால்தான் வருகிறது. ஏறக்குறைய 60 செமீ நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு 600 டிகிரி சூடேறினால் சுமார் 4 மிமீ நீளும்; 80 அல்லது 90 டிகிரியில் இருக்கும் அலுமினிய ஹெட் 1 மிமீதான் நீளும். இந்த வேறுபாட்டை இரு ஓரங்களிலும் உள்ள ஸ்டட்கள் சுமக்கின்றன. என்னுடையது ஹெட்டின் பரப்போடு பரப்பாக முறிந்தது. அங்கே எக்ஸாஸ்ட் கசிவதால் குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் என்ற சத்தம் வந்து, சூடேறினால் மறையும். வால்வு இடைவெளிச் சத்தம் என்று நினைத்து மூன்று வாரங்கள் வால்வையே சரிசெய்துகொண்டிருந்தேன்.

இந்த எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் ஒன்றே, இரண்டையும் சேர்த்து அழுத்தும் தடித்த வாஷர்களும் பொது. ஆகவே ஒன்றைக் கழற்றினால் மற்றதும் தளரும். முறிந்த ஸ்டட்டின் மீது ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, சூடு அடங்குவதற்குள் திருப்பி எடுத்தோம். பிறகு மேனிஃபோல்டின் ஓரத் துளைகளை நீளவாக்கில் சற்றே அகலப்படுத்தினேன். அதன் பின் முறியவில்லை.

பதிவு 3

என்னுடையது வேறு குடும்பம்: பழைய செடான் ஒன்றில் டொயோட்டாவின் 2ஜேஇசட், 86 மிமீ போர், 86 மிமீ ஸ்ட்ரோக், 2997 சிசி. வார்ப்பிரும்பு பிளாக் என்பதால் எஞ்சினைப் பற்றிக் கவலையே இல்லை என்று இறுமாப்போடு இருந்தேன். சிக்னலில் நின்றால் நீலப் புகை, ஓடும்போது இல்லை. டர்போவின் சீல் போய்விட்டது என்று ஒரு பணிமனையில் சொன்னார்கள். புதிய டர்போ மாற்றினேன், புகையும் கூடவே வந்தது.

காரணம் எண்ணெய் திரும்பி வடியும் குழாய். டர்போவுக்குள் அழுத்தத்தோடு போகும் எண்ணெய், பேரிங்கைத் தாண்டியதும் நுரையாகி, தன் எடையால் மட்டுமே கீழே இறங்குகிறது. ஸ்டீயரிங் தண்டுக்கு வழிவிடுவதற்காக நான் அந்தக் குழாயை ஓரிடத்தில் கிடைமட்டமாக வளைத்திருந்தேன். அங்கே நுரை தேங்கி, டர்போவுக்குள் நிறைந்து, சீலைத் தாண்டி எக்ஸாஸ்ட்டுக்குப் போயிற்று. உள்விட்டம் 16 மிமீ கொண்ட குழாயாக மாற்றி, வழி முழுதும் சரிவாக, எண்ணெய்த் தட்டில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேரும்படி இணைத்ததும் அன்றே புகை நின்றது. கழற்றிய டர்போ நன்றாகத்தான் இருக்கிறது, அலமாரியில்.

பதிவு 4

பதிவு 1 எழுதியவன் நான். பதிவு 2 எழுதிய நண்பருக்கு நன்றி. காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் கேட்கும் சத்தம் முழுவதும் பிஸ்டன் தட்டுவதுதான் என்று இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கள் பதிவைப் படித்த பிறகு இன்று காலை ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிஃபோல்டு நெடுகக் கொண்டுபோய்க் கேட்டேன். ஐந்து இடங்களில் ஒன்றுமில்லை. ஆறாம் சிலிண்டரின் பின்னோரத்தில் டிக் டிக் தெளிவாகக் கேட்கிறது. சனிக்கிழமை கழற்றுகிறேன்.